பட்டன் வைத்த டப்லெட்: முதல் மூன்று நாட்கள்

2023 ஓகஸ்ட் மாதத்தின் நீண்ட வார இறுதி. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடித்து வந்தால் வாசலில் ஒரு பெட்டி. உள்ளே லொஜிடெக் ஜி கிளவுட்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது 7 அங்குலத் திரையுள்ள ஓர் அன்ட்ரொயிட் டப்லெட். ஆனால் திரையின் இரண்டு பக்கமும் கையால் பிடிக்கக் கைப்பிடி இருக்கிறது. கட்டைவிரல்களுக்கு இரண்டு ஸ்டிக், வலப்பக்கம் நாலு பட்டன், இடப்பக்கம் சிலுவை வடிவத்தில் இன்னொன்று, மேல் விளிம்பில் சுட்டுவிரல்களுக்கு நாலு. உள்ளே ஓடுவது அன்ட்ரொயிட் 11. வெளியே பார்த்தால் நின்டெண்டோ ஸ்விட்சின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி.

"மச்சான், உது கோல் எடுக்க ஏலாத ஃபோன்தானே?" என்று என் கசின் கேட்டான். அவன் சொன்னது முழுப்பிழை இல்லை. சிம் போட இடமில்லை. கமரா இல்லை. 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு. தேவையென்றால் மைக்ரோ எஸ்டி அட்டை போடலாம். புரொசஸர் ஸ்னாப்டிராகன் 720ஜி, நடுத்தர விலை ஃபோன்களில் வருவது. அப்போதைய அமெரிக்க விலை 350 டொலர். கனடியக் காசில் இன்னும் கூட, அதற்கு மேல் ஒன்ராறியோவின் 13 வீத வரி. இவ்வளவு கொடுத்து எதற்கு வாங்கினாய் என்றால், ஒரு பழைய கடன் இருந்தது.

நான் ஸ்காபுரோவில் மூன்றாம் வகுப்புப் படித்தபோது வகுப்பில் பாதிப்பேரிடம் கேம் போய் இருந்தது. போக்கிமொன் கனடாவுக்கு வந்த 1998ஆம் ஆண்டு அது. நானும் கேட்டேன். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் இருந்து ஒன்று வாங்கி வந்தார். கேம் போய் இல்லை. சாம்பல் நிறத் திரையுள்ள 'பிரிக் கேம்'. முகப்பில் 9999 விளையாட்டு என்று எழுதியிருந்தது. எல்லாம் டெட்ரிஸ்தான், வேகம் மட்டும் வேறு. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டில் போர்வைக்குள் வைத்து விளையாடினேன். ஊரில் இரண்டு குடும்பத்துக்குக் காசு அனுப்பிக்கொண்டிருந்த வீட்டில் அதுவே பெரிய செலவு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த மலிவுப் பெட்டியில் எனக்கு ஒன்று பழகியது. கொஞ்ச நாளில் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே தேவையில்லை. கண் திரையில், கை தன்பாட்டில். ஃபோனின் கண்ணாடியில் இது நடக்காது. கண்ணாடியில் வரைந்த பட்டனுக்கு மேடு இல்லை, பள்ளம் இல்லை, அழுத்தினேன் என்று விரலுக்குத் தெரியாது. விரல் வழுக்கிப் போனதும் கண் திரையை விட்டுக் கீழே இறங்கும். அதற்குள் நீங்கள் செத்துப்போவீர்கள். போதாததற்கு இரண்டு கட்டைவிரலும் படத்தின் கால்வாசியை மறைத்துவிடும்.

இதைத் திருத்த அன்ட்ரொயிட் உலகம் முன்பே முயன்றிருக்கிறது. 2011இல் சோனி எரிக்சன் எக்ஸ்பீரியா பிளே என்று இழுத்தால் பட்டன் வரும் ஃபோன் விட்டது. 2012இல் பிரான்ஸ் நாட்டு ஆர்க்கோஸ் கேம்பாட் என்று ஒரு டப்லெட் விட்டது. 2013இல் என்விடியாவின் ஷீல்ட் வந்தது. ஒன்றுக்கும் நீண்ட ஆயுள் இல்லை. பட்டன் இருந்தது, பட்டனுக்கு விளையாட்டு இல்லை. ஃபோனுக்குச் செய்த விளையாட்டுகளில் பெரும்பகுதி தொடுதிரையை நம்பிச் செய்தவை.

ஜி கிளவுட் இதற்குச் சொல்லும் பதில் அதன் பெயரிலேயே இருக்கிறது. விளையாட்டு உங்கள் கையில் ஓடாது. எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடும். அதன் படம் வீடியோவாக உங்களிடம் வரும், நீங்கள் அழுத்துகிற பட்டன் இணையத்தில் திரும்பிப் போகும். எக்ஸ்பொக்ஸ் கேம் பாஸ், ஜிஃபோர்ஸ் நௌ போன்ற சேவைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அதனால்தான் நடுத்தர புரொசஸர் போதும். அதனால்தான் உங்கள் வைஃபை உங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒரு வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 17 மில்லிவினாடிகூட இல்லை. நீங்கள் அழுத்தியது போய், படமாகத் திரும்பி வர இன்னும் பல பத்து மில்லிவினாடிகள் எடுக்கும். கார் ஓட்டும் விளையாட்டில் அது தெரியும். சமையல் விளையாட்டில் தெரியாது.

சமையல் விளையாட்டுக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை அம்மா வீட்டுக்குப் போனேன். கீழ் நிலவறையில் இருந்தபோது படம் கட்டங்கட்டமாய் உடைந்தது. எங்கள் வீட்டு ரவுட்டர் கிழவர். குசினி மேசைக்கு வந்து அமர்ந்தேன், சரியாகிவிட்டது. அங்கேதான் 'வெண்பா'வைத் திறந்தேன்.

வெண்பா ஜூலை 31இல் வெளிவந்தது. செய்தது ரொறன்ரோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு. தமிழ்நாட்டில் இருந்து 1980களில் கனடா வந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. கறைபட்டுக் கிழிந்த ஒரு சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, விடுபட்ட படிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். வந்த நாளிலேயே கேம் பாஸில் இருந்தது.

"உது என்ன சாமான்?"

"கேம் விளையாடுறது, அம்மா."

"முப்பத்திமூண்டு வயசிலயோ?"

சொல்லிவிட்டுப் பின்னால் வந்து நின்றார். முதல் சமையல் இட்லி. வசனங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். ஸ்டிக்கால் கையை நகர்த்தி, பட்டனை அழுத்தித் தட்டை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கினேன். பிழை. மறுபடியும் பிழை. பொறியியலில் முதுகலைப் பட்டம் எடுத்த ஆள்.

"தட்டுகளை ஒரே நேருக்கு அடுக்கினா ஆவி எப்பிடி மேல வரும்? ஓட்டை இருக்கிற இடத்தைப் பார்த்து மாத்தி அடுக்கு," என்றார் அம்மா.

மாற்றி அடுக்கினேன். வெந்தது.

புட்டு வந்தபோது அம்மா கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். "இது குழல்புட்டு. எங்கட வீட்டில நீத்துப்பெட்டியிலதான் அவிக்கிறது," என்று ஒரு விமர்சனம். பிறகு கையை நீட்டினார். "கொண்டா பாப்பம்."

கொடுத்தேன். இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் ஃபோனை நான் அம்மாவிடம் இப்படிக் கொடுக்கமாட்டேன். நீங்களும் கொடுக்கமாட்டீர்கள். வங்கிக் கணக்கு, ஓபிஸ் மெயில், யாரோ அனுப்பிய செய்தி திரையில் எட்டிப்பார்க்கும் என்ற பயம். படம் காட்டினால்கூட ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் காட்டுவோம். இது விளையாட மட்டும் வாங்கிய சாமான். கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா விளையாடவில்லை. டப்லெட்டைக் கவிழ்த்துப் பிடித்து, பின்பக்கத்து ஒட்டு விளிம்பில் நகத்தை வைத்து மெதுவாய் இழுத்துக்கொண்டு போனார். பிறகு காதுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பட்டனாய் அமத்தினார்.

"எல்லாம் ஒரே சத்தம். நல்லாச் செய்திருக்கினம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பத்து வருசம் உந்த வேலைதானே செய்தனான்."

அம்மா ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார் என்பது எனக்குத் தெரியும். பின்னேர ஷிஃப்ட், நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது வீட்டில் இருக்கமாட்டார், சாப்பாடு மூடி வைத்திருக்கும். 2001இல் லே-ஓஃப். அவ்வளவுதான் என் தகவல். அங்கே என்ன செய்தார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"போர்டில சின்னச் சின்ன பட்டன் வைச்சு சோல்டர் பண்ணுறது. பிறகு ஒவ்வொண்டா அமத்திப் பாக்கவேணும். கிளிக் எண்டு வராட்டி சிவப்புப் பெட்டிக்குள்ள போடுறது."

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"ஆர் எண்ணினது? லைன் நிண்டாத்தான் தலையை நிமித்துறது."

ஹைஸ்கூலில் யாராவது கேட்டால் "அம்மா கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை" என்று சொல்வேன். அதைப் பொய் என்றும் சொல்லமுடியாது. அதனால்தான் அது வசதியாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் முதன்முதல் ஒரு சேர்க்கிட் போர்ட் சோல்டர் பண்ணி, பெருமையாய் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "புகையைச் சுவாசிக்காதை, ஜன்னலைத் திறந்துவை," என்றார். அம்மாமார் சொல்லும் வழக்கமான புத்திமதி என்று நினைத்தேன். அந்தப் போர்டில் என் சோல்டர் எவ்வளவு அசிங்கமாய் இருந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

வெண்பாவில் வரும் மகனைப் பள்ளிக்கூடத்தில் கெவின் என்று கூப்பிடுவார்கள், அவனுக்கும் அதுதான் பிடிக்கும். பின்னால் வளர்ந்த பிறகு, அம்மாவின் சமையல் குறிப்பைத் தமிழில் வாசிக்க முடியாமல் தடுமாறுவான். அந்தக் கட்டத்தை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. தமிழ் வராமல் இல்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு எட்டு வருடம் போனவன் நான். வாசிக்கத் தெரிந்த எனக்கும் கேட்கத் தெரிந்திருக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கவின் உப்புப் போட மறந்துவிடுவான் என்பதுதான் அவருடைய கவலை.

இருபது நிமிடத்தில் அம்மா டப்லெட்டை மேசையில் வைத்து மணிக்கட்டைப் பிசைந்தார். இரண்டு கையிலும் அவருக்கு நோ இருக்கிறது, படுக்கும்போது பட்டி கட்டுவார். அது எப்போது தொடங்கியது என்பதையும் இந்த முறைதான் கேட்டேன். 1997இல். சுப்பர்வைசரிடம் சொன்னபோது வேறு லைனுக்கு மாற்றினார்களாம். அங்கேயும் பட்டன்தான்.

ஆகவே எடை பற்றி: 463 கிராம். சாதாரண ஃபோன்கள் இரண்டின் எடைக்குக் கிட்ட. கைப்பிடி வளைவாய் இருப்பதால் எனக்குப் பாரம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. மடியில் ஒரு தலையணை வைத்து, அதன்மேல் சாய்த்துப் பிடித்தால் சமாளிக்கலாம். மிச்ச விளையாட்டை அம்மா அப்படித்தான் முடித்தார்.

மற்றவை சுருக்கமாக. திரை 1080பி, வீட்டுக்குள் நல்ல வெளிச்சம். பல்கனி வெயிலில் கண்ணைச் சுருக்க வேண்டும். பற்றரி 12 மணித்தியாலம் வரை என்று கொம்பனி சொல்கிறது. வெள்ளி இரவு சார்ஜ் போட்டது, ஞாயிறு மத்தியானம்தான் மறுபடி கேட்டது. ஹெட்ஃபோன் குத்தும் துளை இருக்கிறது, இந்தக் காலத்தில் அது ஒரு மரியாதை. சிம் இல்லாததால் பஸ்ஸில் விளையாட ஃபோனில் இருந்து ஹொட்ஸ்பொட் போடவேண்டும், டேட்டா கரையும். கேம் பாஸுக்கு மாதச் சந்தா தனி.

வாங்கலாமா? படிக்கிற பிள்ளைகளுக்கு என் பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் ஃபோனின் இரண்டு பக்கமும் மாட்டுகிற கொன்ட்ரோலர் இதைவிட மலிவு. அதே பட்டன், அதே கிளவுட். வேலைக்குப் போகிற, வீட்டில் நல்ல வைஃபை உள்ள, ஃபோனைத் தள்ளிவைத்துவிட்டு விளையாட விரும்புகிறவர் என்றால் வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஒரு தடவை வீட்டில் பெரியவர்களிடம் கையில் கொடுத்துப் பாருங்கள். என் அம்மாவைப்போல ரொறன்ரோவில் எத்தனையோ அம்மாமார் லைனில் நின்றவர்கள்.

ஒரு மாதம் பாவித்த பிறகு விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லத்தான் இருந்தேன். முடியாது போல இருக்கிறது. திங்கட்கிழமை இரவு வெளிக்கிடும்போது அதை அம்மாவின் கதிரையில் விட்டுவிட்டு வந்தேன். வியாழக்கிழமை ஃபோன் வந்தது.

"தம்பி, உதில சார்ஜ் இறங்கிப்போச்சு. எந்த வயர் குத்துறது?"

"என்ன விளையாடினீங்கள்?"

"அந்தக் கட்டி விழுற விளையாட்டு. நீ சின்னனில போர்வைக்குள்ள வைச்சு விளையாடினது. தேடிப் பிடிச்சிட்டன்."