மணற்காட்டுக் கடையில் நத்தார்ப் பரிசு

கிறிஸ்து பிறப்பு விழாவை ஈழத்துத் தமிழர் நத்தார் என்றே வழங்குவர். தமிழகத்து அன்பர்களுக்கு இச்சொல் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். போர்த்துக்கேயர் தம் மொழியில் 'நத்தால்' என்றதை நம் முன்னோர் தம் நாவுக்கு இசைய மாற்றிக்கொண்டனர். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போயினர். அவர்கள் இங்கே இருந்தது நாற்பது ஆண்டுகளுக்கும் குறைவே. ஆயினும் நாம் அமரும் கதிரை, எழுதும் மேசை, சேலை அடுக்கும் அலுமாரி, காலையில் உண்ணும் பாண் ஆகிய சொற்கள் யாவும் அவர்கள் விட்டுச் சென்றவை. கடைக்கும் இவ்வாறே ஒரு கதை உண்டு. கிராமத்துச் சிறு கடையை இலங்கை ஆங்கிலத்தில் 'பூட்டிக்' என்பார்கள். அதுவும் போர்த்துக்கேயர் வழியாக வந்த சொல்லே. இன்று கொழும்பிலே அச்சொல்லைப் பலகையில் எழுதினால் விலையுயர்ந்த ஆடையகம் என்று பொருள். எம்மூர்ப் பக்கத்தில் வாழைக்குலையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் இருக்கும் கடைதான் பூட்டிக். நாம் சொல்லப் போவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கடையைப் பற்றி.

மார்கழி எங்கள் குடாநாட்டில் இரட்டை விழாக்காலம். திருவாதிரைக்கு முந்திய நாட்களில், விடியற்புறத்தே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவைக் குழுவினர் தெருத்தெருவாகச் செல்வர். அதே தெருவில் முன்னிரவிலே கரோல் பாடுவோர் வந்து படலையைத் தட்டுவர். பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஒளிவிழா நடைபெறும். அவ்விழாவில் சைவப் பிள்ளைகளே இடையராகவும் மூவரசராகவும் வேடம் புனைந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

அயலவரிடையே பலகாரத் தட்டம் போய்வரும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. தீபாவளிக்கு இங்கிருந்து போகும் பயற்றம் பணியாரமும் அரியதரமும் நத்தாருக்கு அங்கிருந்து கேக்காகவும் கொக்கிசாகவும் திரும்பி வரும். தட்டத்தை வெறுமையாகத் திருப்புதல் ஆகாது. பழமோ வெற்றிலையோ வைப்பர். ஒன்றும் இல்லையேல் ஒரு பிடி சீனியாவது இட்டே கொடுப்பர். கொடுத்தவர் உயர்ந்தவர், வாங்கியவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் அங்கே நுழைவதற்கு அந்தச் சீனி இடங்கொடுப்பதில்லை.

எம்மோடு கற்பிக்கும் கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கும் அடுத்த வீட்டாருக்கும் ஆண்டுதோறும் நாம் சிறு பரிசுகள் கொடுப்பதுண்டு. அவற்றை யாழ் நகரத்தில் வாங்குவதே எளிது. மார்கழி பிறந்துவிட்டால் நவீன சந்தையிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் கால் வைக்க இடமிராது. சீனத்து மின்விளக்குச் சரங்களும், மடித்து வைக்கத்தக்க பிளாஸ்ரிக் மரங்களும், பற்றரியில் ஓடும் கார்களும் கடைவாயில் வரை பிதுங்கி நிற்கும். அவற்றை நாம் பழிக்க வரவில்லை. மலிவானவை, குழந்தைகளுக்குப் பிடித்தவை. ஆனால், வளர்ந்த ஒருவருக்கு அவற்றுள் எதைக் கொடுத்தாலும் தைப்பொங்கலுக்கு முன் அது உடைந்து கோடிப்புறத்திற் கிடக்கும். "பனையோலையிலே ஏதாவது வாங்குவோம், இழைக்கிறவர்களிடமே போய் வாங்குவோம்" என்றார் எம் இல்லத்தரசியார். அவ்வாறே ஒரு சனிக்கிழமை காலை பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினோம்.

யாழ் நகரிலிருந்து பருத்தித்துறை ஏறக்குறைய 33 கிலோமீற்றர். வல்லை வெளியைக் கடக்கும்போதுதான் மார்கழியின் உண்மை முகம் தெரியும். இருமருங்கும் வெள்ளம், நடுவே தெரு, வாடைக்காற்று பஸ்ஸின் கண்ணாடியை அடித்துத் திறக்கப் பார்க்கிறது. இந்த வாடைதான் வடமராட்சிக் கரையோரத்து மக்களின் வரவு செலவை எழுதுவது. சோளகக் காலத்திலே கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், கரைவலை இழுப்பார்கள், கையிற் காசு புழங்கும். வாடை எழுந்ததும் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறிவிடும். நத்தார் வந்து சேர்வது சரியாக அந்த நெருக்கடியிலேதான். குழந்தைக்குப் புதுச்சட்டை எடுக்கவேண்டிய மாதமும் கடலுக்குப் போகமுடியாத மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

பருத்தித்துறையில் இறங்கியதும் ஓடக்கரைத் தட்டை வடை வாங்காமல் அப்பாற் செல்வது எவருக்கும் இயலாத காரியம். பல நாள் வைத்தாலும் நமுத்துப் போகாத வடை அது. கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்குப் பொதி கட்டி அனுப்புவோர் பலர். நாமும் சில பொதிகள் வாங்கிக்கொண்டு, முச்சக்கர வண்டி ஒன்று பிடித்து வல்லிபுரம் சேர்ந்தோம். ஆழ்வாரைத் தொழுது, கோயிலுக்கு அப்பால் உள்ள மணல்வெளிக்குள் இறங்கினோம். புரட்டாசியில் கடற் தீர்த்தத்துக்குச் செல்லும் சனத்திரள் மிதித்த மணல் மார்கழியில் ஆளரவமின்றிக் கிடந்தது.

மணற்காடு என்ற பெயரை வைத்தவன் கண்ணால் கண்டே வைத்திருக்கிறான். நெய்தல் நிலத்தின் நடுவே ஒரு பாலை போலக் குன்று குன்றாய் மணல். அதனைத் தடுத்து நிறுத்த நட்ட சவுக்குக் காடு. காற்றில் அச்சவுக்கு எழுப்பும் ஓசை கடலோசையா மரவோசையா என்று பிரித்தறிய முடியாது. பழைய புனித அந்தோனியார் ஆலயம் கூரையின்றி, சுவர்களும் வளைவுகளுமாய் மணலிற் பாதி புதைந்து நிற்கிறது. படமெடுக்க வருவோர் அதன் முன் சிரித்துக்கொண்டு நிற்பர். சற்றுத் தள்ளி மணலில் நட்ட சிலுவைகள் இருப்பதை அவர்களுட் சிலரே கவனிப்பர்.

2004 மார்கழி 26 நத்தாருக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினமும் கூட. விழாவுக்கென்று உறவினர் வீடுகளுக்கு வந்திருந்தோர் இன்னும் திரும்பவில்லை. முதல் நாட் பலகாரம் பாத்திரங்களில் மிஞ்சியிருந்த காலைப்பொழுது. அப்போதுதான் கடல் எழுந்து வந்தது. இலங்கை முழுவதிலும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். வடபுலத்தில் முல்லைத்தீவும் வடமராட்சிக் கிழக்கும் கொடிய அழிவைக் கண்டன. மணற்காட்டின் மயானத்தில் அந்நாளில் இறந்தோரும் துயில்கின்றனர். ஆகவே இக்கரையோரத்தில் நத்தார் ஒருநாள் விழா அன்று. 25 ஆந் திகதி பாலன் குடிலுக்கு விளக்கேற்றியவர்களே 26 ஆந் திகதி கல்லறைக்கு மெழுகுதிரி ஏற்றச் செல்கின்றனர்.

நாம் தேடிச் சென்ற கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. சிறிய வீடொன்றின் விறாந்தைதான் கடை. ஓரத்திலே சவர்க்காரம், தீப்பெட்டி, பிஸ்கற் முதலிய வழக்கமான சாமான்கள்; மற்ற இடமெல்லாம் ஓலை. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், பனங்கட்டி வைக்கும் குட்டான், கிழவர்கள் இடுப்பிற் செருகும் கொட்டைப்பெட்டி ஆகியன ஒருபக்கம் அடுக்கியிருந்தன. சிவப்பும் ஊதாவுமாகச் சாயமிட்ட கைப்பைகள், மூடியோடு கூடிய சிறு பெட்டிகள், பேனை வைக்கும் கூடுகள், கூரையிலிருந்து நூலில் ஆடும் நட்சத்திரங்கள் மற்றொரு பக்கம். நட்சத்திரம் செய்த கை எதுவாயினும் அது கணிதம் அறிந்த கை. ஐந்து முனையும் ஒரே அளவு.

கடைக்கார அம்மையாருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நாம் கேட்கக் கேட்க வேலையை நிறுத்தாமலே விளக்கினார். முற்றிய ஓலை உதவாது, சார்வோலை வேண்டும். அதனை வெட்டுவித்து, வெயிலிற் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயம் வேண்டுமாயின் கொதிநீரில் இட்டு, மறுபடி உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். இழைக்கும் வேளையில் சிறிது ஈரம் காட்டினால் ஓலை முறியாமல் வளையும். கடகமென்றால் இன்னும் வேலை. விளிம்பை நாரினால் பொத்த வேண்டும். 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பல ஊர்களில் பெண்களுக்குப் பயிற்சியளித்து வந்துள்ளது. சாயமும் புதுமாதிரியும் அவ்வகைப் பயிற்சியிற் கற்றவை என்றும், இழைப்பது மட்டும் தம் தாயாரிடம் கற்றது என்றும் அம்மையார் சொன்னார்.

மூடியிட்ட பெட்டி ஒன்றின் விலை 700 ரூபா. இரண்டு நாள் வேலை.

"உது சும்மா ஓலைதானே எண்டு சொல்லி விலையைக் குறைக்கப் பாப்பினம், மாஸ்ரர்" என்றார் அவர். "ஓலைக்குக் காசு பெரிசில்லைத்தான். விரலுக்கு?"

வீட்டுக்காரரின் படகு வேலியருகே கவிழ்ந்து கிடந்தது. கடல் திறந்திருந்தாலும் முன்போல ஓடுவதற்கில்லை என்றார். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதை மீனவர் எவரும் மறக்கவில்லை. கரையோரத்துப் படகுகள் பலவற்றின் இயந்திரம் குடிப்பது மண்ணெண்ணெய்தான். அந்த ஆண்டுகளில் வீட்டு அடுப்பை எரித்தது இந்த விறாந்தைக் கடை என்பதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

நாம் பொருள்களைத் தெரிந்துகொண்டிருந்தபோது வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். நட்சத்திரங்கள் நாலும் ஒரு கைப்பையும் எடுத்தார். விலையைக் கேட்கவுமில்லை, ஐயாயிரம் ரூபாத் தாளொன்றை நீட்டி, "மிச்சத்தை வைச்சிருங்கோ, அம்மா" என்றார். நல்ல மனந்தான். அம்மையார் தாளை வாங்கி, உள்ளே சென்று, தகரப் பேணியில் இருந்த சில்லறையை எண்ணி, மிச்சம் முழுவதையும் அவர் கையில் வைத்தார். "வேண்டாம், தம்பி. விலை எவ்வளவோ அவ்வளவு காணும்" என்றார். இளைஞர் முகம் சற்றுச் சிவந்தது. அவர் போனபின் எம் பக்கம் திரும்பி, "சுனாமிக்குப் பிறகு எங்களுக்குத் தந்தவை கனபேர், மாஸ்ரர். நன்றி மறக்கேல்லை. ஆனால் வாங்கினவை குறைவு" என்றார்.

பேரம் பேசுவோரைப் பார்த்திருக்கிறோம். அள்ளிக் கொடுப்போரையும் பார்த்திருக்கிறோம். விலையை விலையாகக் கொடுத்து, பொருளைப் பொருளாக மதித்து வாங்குவோர் இவ்விரு வகையினரையும் விட அரியர் என்பது அன்று எமக்குப் பட்டது. எம் இல்லத்தரசியார் ஒரு பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்து வேறொன்று கேட்டார். அம்மையார் அதனை வாங்கிப் பார்த்து, "ஓம், இது பிழைதான்" என்று ஒதுக்கி வைத்தார். அந்தக் கண்டிப்பு அவருக்குப் பிடித்திருந்தது போலும். அதன் பின்னரே எமக்குத் தேநீர் வந்தது.

ஓலைப் பொருளின் பெருமையைப் பற்றி நாம் சற்று நீளமாகப் பேசத் தொடங்கியிருந்தோம். கல்லூரி ஆசிரியர்களுக்கு உள்ள வியாதி அது. அவ்வேளை உள்ளிருந்து ஆறேழு வயதுப் பேரன் ஓடிவந்தான். நத்தாருக்கு என்ன வேண்டுமென்று கேட்டோம். தொலைவில் நின்று பொத்தானை அழுத்த ஓடும் சிவப்புக் கார் வேண்டுமென்றான். பருத்தித்துறைக் கடையில் கண்டு வைத்திருக்கிறானாம். பாட்டியார் சிரித்தார். "நாளைக்குப் போய் வாங்கவேணும். இண்டைக்கு நீங்கள் வாங்கின காசு அதுக்குத்தான்."

எம் ஓலைப்பெட்டி இவ்வாறு சீனத்துப் பிளாஸ்ரிக் காராக மாறியது. கேட்டதும் முதலில் உள்ளம் சுருங்கியது உண்மையே. பின் எண்ணிப் பார்த்தால், குழந்தைக்கு வேண்டியதைக் குழந்தைக்கு வாங்குவதற்குத்தானே அம்மையார் இரண்டு நாள் குனிந்திருந்து இழைக்கிறார்? பண்பாட்டைக் காக்கும் பொறுப்பை அந்தச் சிறுவனின் தலையில் ஏற்றிவிட்டு நாம் பஸ்ஸேறுவது நியாயமன்று.

இவ்வழி செல்ல விரும்பும் வாசகர்களுக்குச் சில சொற்கள். மழைக்காலத்தில் ஓலையிற் பூஞ்சணம் பிடிக்கும். வாங்கி வந்ததும் இள வெயிலிற் காட்டி எடுத்துவைத்தல் நன்று. மூடியிட்ட சிறு பெட்டிக்குள் எண்ணெய்த் தாள் விரித்துக் கேக் துண்டுகளை அடுக்கிக் கொடுத்தால் பளபளக்கும் பரிசுத்தாள் வேண்டியதில்லை. கேக் முடிந்த பின்னும் பெட்டி இருக்கும், ஊசி நூல் வைக்கலாம். நீத்துப்பெட்டியைப் பரிசாகக் கொடுப்பதா என்று தயங்குவோர் கொழும்பில் தனியே சமைத்துண்ணும் எம் பழைய மாணவர் ஒருவரைக் கேட்கட்டும். சென்ற ஆண்டு அனுப்பியதற்கு அவர் எழுதிய நன்றிக் கடிதம் வேறெந்தப் பரிசுக்கும் வந்ததில்லை. காலையிலேயே புறப்படுவது உசிதம். பிற்பகலில் வாடை பலத்தால் மணல் கண்ணைத் திறக்க விடாது.

ஆறு பெட்டி, இரண்டு கைப்பை, ஐந்து நட்சத்திரம். அத்தனையையும் பெரிய கடகம் ஒன்றிலிட்டு, கடகத்துக்கும் விலை கொடுத்து எழுந்தோம். வண்டி வரும்வரை வேலியோரம் நின்றபோது அம்மையார் பின்னால் வந்தார்.

"தைப்பொங்கலுக்குச் சுளகு வேணுமெண்டால் இப்பவே சொல்லிப்போட்டுப் போங்கோ. காய்ஞ்ச ஓலை கொஞ்சந்தான் கிடக்கு. இந்த மழைக்குப் புதுசு காயாது."

இரண்டு சுளகு சொன்னோம். முற்பணம் நீட்டியதற்கு, வந்து எடுக்கும்போது தந்தாற் போதும் என்று கையை மறித்துவிட்டார்.