பழங்கடியாரம் வாங்கிய வரலாறு

எந்தையார் மணிக்கட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கைக்கடியாரம் இருந்தது. ஆசிரியப் பணியிற் சேர்ந்த 1974-ஆம் ஆண்டில், முதற் சம்பளங்களில் மிச்சம்பிடித்து அவர் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா அது. நாடோறும் காலையில் நீராடியபின் அதற்குச் சாவி கொடுத்தலை ஒரு நோன்பு போலவே செய்து வந்தார். கடலூரில் பழுதுபார்த்து வருவதாகச் சொல்லி அதனை எடுத்துச் சென்ற யாம், சிதம்பரத்துக்குத் திரும்பும் பேருந்தில் தொலைத்துவிட்டோம். தொலைத்தது ஒரு பிழை. "கடையில் இருக்கிறது, நாளாகும்" என்று வீட்டில் பொய் சொன்னது அதனினும் பெரும் பிழை. இவ்விரண்டையும் மறைத்தற்பொருட்டே இணையத்தின் வாயிலாகப் பழங்கடியாரம் வாங்கப் புகுந்தோம்.

கடையிற் புதிதாக ஒன்று வாங்கலாகாதோ எனின், எமக்கு வேண்டியது அக்காலத்து ஜனதா. ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அக்கடியாரத் தொழிலை மூடுதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இசைந்தது. அதன்பின் பழைய எச்.எம்.டி.களைத் தேடுவோர் பெருகினர். தேடுவோர் பெருகிய இடத்திற் சரக்கும் தானே பெருகுமன்றோ!

கைப்பேசியைத் திறந்த மாத்திரத்தில் சிவப்பும் பச்சையும் மயில்நீலமுமாக ஜனதாக்கள் வரிசையாய் நின்றன. எல்லாம் "அசல்", எல்லாம் "சர்வீஸ் செய்தது". அவற்றுள் கறையின்றி வெண்மையாய் விளங்கிய ஒன்றை ரூ. 1,850 கொடுத்து வரவழைத்தோம். எந்தையார் கண்களிற் புரை படர்ந்திருந்தமையின் எம் சூழ்ச்சி பலிக்கும் என்றெண்ணினோம். இதனை எழுதும்பொழுதும் நாணுகின்றோம். அவர் கடியாரத்தை வாங்கிச் சாவியைத் திருகினார். திருகும்போதே விரல் தயங்கிற்று.

"தம்பி, இது நம்முடையதன்று."

"மேல்மூடியை மாற்றினார்கள், அப்பா" என்றோம். அவர் மறுமொழி கூறாது அதனை மேசைமேல் வைத்துவிட்டார்.

மறுநாள் மேலவீதியில் ஒரு சிறு பெட்டிக்கடையில் அமர்ந்து கடியாரம் பழுதுபார்க்கும் முதியவரிடம் அதனைக் கொண்டுசென்றோம். அவர் கண்ணில் லென்சைச் செருகிப் பின்மூடியைத் திறந்து, நெடுநேரம் பார்த்தபின் நகைத்தார். டயல் அண்மையிற் பூசப்பட்டது. 'பாரா ஷாக்' என்ற எழுத்துக்கள் தடித்து மசி பரவியிருந்தன. நிமிடக் கோடுகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் நின்றன. உள்ளே திருகாணித் தலைகள் கடிபட்டிருந்தன. "மூன்று கடிகாரம் சேர்ந்து ஒரு கடிகாரம், ஐயா" என்றார் அவர்.

இத்தகையதை மேனாட்டுச் சேகரிப்போர் 'பிராங்கன் வாட்ச்' என்பர். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட புதினத்தில் பிராங்கன்ஸ்டைன் என்பான் பல பிணங்களின் உறுப்புக்களைக் கூட்டி ஓர் உருவத்துக்கு உயிரூட்டுகின்றான். (அப்பெயர் படைத்தவனுடையதேயன்றிப் படைக்கப்பட்டதனுடையதன்று என்பதை ஆங்கில வகுப்பினர் உடனே நினைவூட்டுவர், அறிவோம்.)

அம்முதியவரிடம் ஒரு பிற்பகல் முழுதும் பாடங் கேட்டோம். கண்ணாடியும் தோல்வாரும் வில்லும் தேய்வன. அவற்றை மாற்றியிருத்தல் குற்றமன்று. டயல், கூடு, எந்திரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிறந்தனவா என்பதே கேள்வி. ஜனதாவின் எந்திரத்தில் 17 கற்கள் உண்டு. அவை அணிகலன் அல்ல. சக்கரங்களின் அச்சு உராயாது சுழலும் பொருட்டுப் பதித்த செயற்கைக் கெம்புகள். எந்திரத்தின் படத்தை அனுப்ப மறுக்கும் விற்பனையாளனிடம் மேலும் பேச வேண்டா என்றார். குரோமியப் பூச்சு தோல்வாரின் ஓரத்திலும் கை உரசும் இடத்திலும் தேய்ந்து பித்தளை தோன்றுமாயின் அஞ்சவேண்டா. ஐம்பதாண்டுக் கடியாரம் மணப்பெண் போல் வருமாயின் அப்பொழுதே அஞ்சவேண்டும். 'சர்வீஸ்' என்பது பல இடங்களில் துடைத்து வைத்தலே. ஆதலால் உள்ளே உலர்ந்த எண்ணெயைக் கழுவிப் புதிது இடும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளல் வேண்டும். யாம் விரும்பி வாங்கிய வெண்மையே எம்மை ஏமாற்றிய வெண்மை என்பது அன்றுதான் விளங்கிற்று.

இரண்டு மாதம் பொறுத்தோம். பலரிடம் எந்திரப் படம் கேட்டோம். பலர் மறுமொழியே தந்திலர். இறுதியில் ஒருவர் ஐந்து படங்கள் அனுப்பினார். டயல் மோர் போல் மஞ்சளித்திருந்தது, கண்ணாடியில் கீறல், ஓரத்திற் பித்தளை. ஆயினும் எழுத்துக்கள் மெல்லியனவாய்க் கூரியனவாய் இருந்தன. திருகாணிகள் பழுதின்றி இருந்தன. வந்ததும் மேலவீதிக்கே கொண்டுசென்றோம். முதியவர் இம்முறை நகைத்திலர். தலையை மட்டும் அசைத்தார்.

அன்று மாலை, கடியாரத்தைக் கையிற் கொடுக்குமுன், பேருந்தில் தொலைத்ததிலிருந்து எல்லாவற்றையும் எந்தையாரிடம் சொன்னோம். அவர் விலையைக் கேட்டார். "அதிகம்" என்றார். பின்பு சாவியை மெல்லத் திருகி, காதருகே வைத்துக் கேட்டு, கட்டிக்கொண்டார்.

அது நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பிந்துகின்றது. காலையில் சாவி கொடுக்கும்போதே அந்நான்கு நிமிடத்தையும் அவர் தள்ளி வைத்துக்கொள்கின்றார். மேலவீதியிற் கொடுத்துச் சரிபார்த்து வருவோமா என்று சென்ற வாரம் கேட்டோம்.

"கொடுக்கலாம். நானே கொண்டுபோகிறேன்" என்றார்.