முதல் ரத்து வரும்வரை

ட்ரிக்கரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டேபிளில் ஒரு வரி சேர்ந்தாலோ மாறினாலோ அழிந்தாலோ அது தானாக ஓடும். எழுதியவர் வேறு புராஜெக்டுக்குப் போயிருப்பார்; அது இருப்பதே தெரியாத ஒரு பில்லிங் கிளார்க் பொத்தானை அழுத்த, அது ஓடும். ஆகவே ட்ரிக்கரில் பிழை இருக்கிறதா என்பதைவிட, டேட்டாபேஸ் அதை எப்போது பார்த்துச் சொல்லும் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. எழுதும்போதே சொன்னால் அது என் பாடு. ஓடும்போது சொன்னால் அந்தக் கிளார்க்கின் பாடு.

என் பிழைப்பு பெரும்பாலும் போஸ்ட்கிரெஸில். அதிலிருந்தே ஓர் உதாரணம். ஆர்டர் டேபிள் ஒன்று. ஆர்டர் ரத்தானால் மட்டும் தணிக்கை டேபிளில் ஒரு வரி எழுதும் ட்ரிக்கர் ஒன்று. ரத்துக்கான இஃப் கிளைக்குள் ஒரு நெடுவரிசையின் பெயரில் ஓர் எழுத்து பிசகிவிட்டது என்று வையுங்கள். ட்ரிக்கரின் வேலையைச் செய்யும் ஃபங்ஷனை உருவாக்கும் கட்டளை முணுமுணுப்பில்லாமல் நிறைவேறும். அதை டேபிளோடு பிணைக்கும் கட்டளையும் அப்படித்தான்: அந்தப் பெயரில் ஃபங்ஷன் இருக்கிறதா, ட்ரிக்கர் வகையைத் திருப்புகிறதா என்று பார்ப்பதோடு சரி. ஆர்டர்கள் வரும், டெலிவரி ஆகும், ஒரு குறையும் தெரியாது. முதல் ரத்து வருகிற நாளில்தான் அந்த வரிக்கு வேலை வரும். அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்று டேட்டாபேஸ் அப்போது சொல்லும். டிரான்சாக்ஷன் மொத்தமும் கவிழ்வதால், தணிக்கைக் குறிப்பு மட்டுமல்ல, ரத்தும் நடக்காது.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஃபங்ஷனை எழுதும் மொழியான பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் இலக்கணத்தை உருவாக்கும்போதே பார்த்துவிடுகிறது. எண்ட் இஃப் விட்டுப்போனால் அங்கேயே நிறுத்தும். பெயர்களைத்தான் தள்ளிப்போடுகிறது. ஒரே ட்ரிக்கர் ஃபங்ஷனை எத்தனை டேபிளில் வேண்டுமானாலும் மாட்டலாம் என்பதால், எழுதும் நேரத்தில் புதிய வரியைக் குறிக்கும் ‘நியூ’ எந்த டேபிளின் வரி என்றே அதற்குத் தெரியாது. ஃபங்ஷன் தானே ஒரு தற்காலிக டேபிளை உருவாக்கி அடுத்த வரியில் அதில் எழுதவும் செய்யலாம். அவசரப்பட்டுச் சோதித்தால் சரியான நிரலையே தப்பென்று தள்ள நேரும். பேக்கப்பை மீட்கும்போது இன்னும் சிக்கல். ஃபங்ஷன் குறிப்பிடும் பொருள்கள் அந்த நேரத்தில் பிறந்தே இருக்காது. பேக்கப் எடுக்கும் பிஜிடம்ப் தான் எழுதும் கோப்பின் தலைப்பிலேயே ஃபங்ஷன் உடலைச் சோதிக்கும் அமைப்பை அணைத்துவிடுவது இதனால்தான்.

ஆரக்கிளின் போக்கு வேறு. உருவாக்கும்போதே கம்பைல் செய்து, ஒவ்வொரு பெயரையும் தேடிப் பார்க்கிறது. நல்லதுதானே என்றால், பிழை கண்ட பிறகு அது செய்வதுதான் வினோதம்: ட்ரிக்கரை நிராகரிக்காமல், கம்பைல் பிழைகளோடு உருவானதாக ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுச் சேமித்துக்கொள்ளும். நீளமான ஸ்கிரிப்டில் அந்த எச்சரிக்கை கண்ணில் படாமல் போவது சுலபம். அதன்பின் அந்த ட்ரிக்கர், வாசலுக்குக் குறுக்கே விழுந்த மரம். எந்தக் கிளையில் பிழை என்ற பேச்சே இல்லை. அது காவல் காக்கும் இன்செர்ட் எதுவும் நகராது. ஓஆர்ஏ 04098 என்ற எண்ணைப் பார்த்தால் ஆரக்கிள்காரர்கள் நேராக யூசர் எரர்ஸ் வியூவுக்குத்தான் போவார்கள். 11ஜி பதிப்பில் ட்ரிக்கரை முடக்கிய நிலையிலேயே உருவாக்கும் வசதி வந்தது. முடக்கி உருவாக்கி, பிழைப் பட்டியல் காலியாக இருப்பதைப் பார்த்த பிறகு இயக்கிவிடுவது என் வழக்கம். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

எஸ்க்யூஎல் சர்வரின் நியாயம் எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டும். டேபிளே இல்லையென்றால், பிறகு வந்துவிடும் என்று நம்பி விட்டுவிடும். டேபிள் இருந்து நெடுவரிசை இல்லையென்றால் உடனே மறுக்கும். பெயரில் பெரிய தப்பு செய்தவன் தப்பிக்கிறான், சின்னத் தப்பு செய்தவன் மாட்டுகிறான். மைஎஸ்க்யூஎல், ‘நியூ’ வரியில் இல்லாத நெடுவரிசையை உருவாக்கும்போதே பிடிக்கும். மற்ற டேபிள்கள் இருக்கின்றனவா என்று அப்போது கேட்காது. எஸ்க்யூலைட் ட்ரிக்கரை வெறும் உரையாக வைத்திருந்து, அதைத் தூண்டும் இன்செர்ட்டைத் தயாரிக்கும்போது அதோடு சேர்த்தே கம்பைல் செய்கிறது. நிபந்தனை பொருந்தாத வரியானாலும் பிழை முதல் இன்செர்ட்டிலேயே வெளிவந்துவிடும். ஆறு மாதம் ஒளிந்திருக்காது.

எனக்குப் பிடித்தது ஃபயர்பேர்டின் கறார். பெயர் பொருந்தாவிட்டால் ட்ரிக்கர் உருவாகாது. உருவான பிறகு, அது சார்ந்திருக்கும் நெடுவரிசையை நீக்கப் போனால் அதையும் விடாது. போஸ்ட்கிரெஸில் ட்ரிக்கர் பயன்படுத்தும் நெடுவரிசையை நீக்கினாலும், ஃபங்ஷனுக்குள் எழுதியிருப்பது அதன் கணக்கில் வராது. நேற்று சரியாக இருந்த நிரல் இன்று பிழையாவது இப்படித்தான். ஸ்கீமா மாற்றம் செய்தவருக்கும் தெரியாது, ட்ரிக்கர் எழுதியவருக்கும் தெரியாது.

இந்த ஓட்டையை அடைப்பதற்கென்றே செக் நாட்டைச் சேர்ந்த பாவெல் ஸ்டெஹுலே எழுதியது பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்செக் என்ற எக்ஸ்டென்ஷன். ஃபங்ஷனோடு எந்த டேபிள் என்பதையும் சொன்னால், ‘நியூ’வுக்கு வடிவம் கிடைத்துவிடுகிறது, ஓடாத கிளைகளையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லும். ஒவ்வொரு ஸ்கீமா மாற்றத்துக்குப் பிறகும் எல்லா ட்ரிக்கர் ஃபங்ஷன்களையும் இதில் ஓட்டாமல் நான் வெளியிடுவதில்லை. ஆனால் எக்ஸிக்யூட்டுக்குள் துண்டு துண்டாக ஒட்டி எழுதும் எஸ்க்யூஎல் ஓடும்போதுதான் முழு வடிவம் பெறுகிறது. அதை இதனால் உறுதியாகச் சோதிக்க முடியாது. வேறெந்த டேட்டாபேஸாலும் முடியாது.

அதனால் ஓட்டிப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. டிரான்சாக்ஷன் ஒன்றைத் திறந்து, கிளைக்கு ஒரு வரியாக அனுப்பி, கடைசியில் ரோல்பேக். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: தள்ளிவைக்கப்பட்ட கன்ஸ்ட்ரெய்ண்ட் ட்ரிக்கர்கள் கமிட்டின்போதுதான் ஓடும், ரோல்பேக் செய்தால் அவை ஓடவே ஓடாது, சோதனை பொய்யாகத் தேறிவிடும். ரோல்பேக்குக்கு முன் எல்லாக் கன்ஸ்ட்ரெய்ண்ட்களையும் உடனடியாக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும்.

பிழைச் செய்தியே வராத வகை ஒன்றும் இருக்கிறது. பிஃபோர் வகை வரி ட்ரிக்கரில் ரிட்டர்ன் நியூ என்று எழுத வேண்டிய இடத்தில் ரிட்டர்ன் நல் என்று இருந்தால், போஸ்ட்கிரெஸ் அந்த வரியை மட்டும் பேசாமல் விட்டுவிடும். அது முறையான நிரல். சில சமயம் வேண்டுமென்றே அப்படி எழுதுவதும் உண்டு. பிசகு தெரிவது ஒரே இடத்தில்தான்: பிஎஸ்க்யூஎல் திரையில் இன்செர்ட் 0 1 என்று வர வேண்டியது இன்செர்ட் 0 0 என்று வரும். சோதனை ஸ்கிரிப்டில் ஒவ்வொரு இன்செர்ட்டுக்கும் பின்னால் அந்த இரண்டாவது எண்ணைச் சரிபார்க்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறேன்.