கேட்காமல் தொடாதே

எங்க வம்சத்தில் சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு வீட்டைப் பூட்டிக் கிளம்பியது நாங்கள்தான் முதல். அதற்கு முன்னாலும் எங்க சனம் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கிறது. பஞ்சத்துக்குக் கிளம்பியிருக்கிறது, அறுப்புக்குக் கிளம்பியிருக்கிறது, சேரிக்கு நெருப்பு வைக்க வருகிறான்கள் என்று ராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறது. வேடிக்கை பார்க்கவென்று கிளம்பியதே இல்லை.

2024 மே மாதம். சீட்டு எடுத்த பணத்தில் நான், துணைவர், ஒன்பது வயது மகள், என் அம்மா நாலு பேரும் இலங்கைக்குப் போனோம். வேடிக்கை பாதி, உறவு பாதி. அம்மாவின் பாட்டியும் பாட்டிக்கு மூத்தவளும் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். பாட்டி திரும்பி வந்துவிட்டாள். மூத்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். அவள் பேரப்பிள்ளைகள் ஹட்டன் பக்கம் லயத்தில்தான் இன்னும் இருக்கிறார்கள். 1948இல் குடியுரிமை இல்லையென்று ஆக்கினார்கள். 1964இல் இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று பங்கு போட்டார்கள். அந்தக் கணக்கில் அக்கா ஒரு நாடு தங்கை ஒரு நாடு ஆன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

உறவுக்காரர்களைப் பார்த்து அழுது, சாப்பிட்டு, போட்டோ எடுத்து முடித்தபிறகு, பிள்ளைக்குக் கடல் காட்டலாம் என்று தெற்குக் கரைக்கு இறங்கினோம். வேன் ஓட்டியது அதே லயத்துப் பையன். கொழும்பிலிருந்து காலிக்குப் போகிற பாதையில் கொஸ்கொட என்ற ஊர். வழி நெடுக ஆமைப் படம் போட்ட பலகைகள். "ஆமை பாக்கலாம் அக்கா, பாப்பாவுக்குப் புடிக்கும்" என்றான். ஒரு இடத்தில் நிறுத்தினான். பெயர் வேண்டாம். அந்தக் கரையில் அப்படிப்பட்ட இடங்கள் பல இருக்கின்றன.

சீட்டு வாங்கி உள்ளே போனால் முதலில் மணல் பாத்தி. கம்பி வலை அடித்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு சின்னப் பலகை: என்ன ஆமை, எத்தனை முட்டை, எந்தத் தேதியில் புதைத்தது. கரையில் முட்டை தோண்டுகிற ஏழைகளிடம் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கி இங்கே புதைக்கிறார்கள். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வெளியே வரும். பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என ஐந்து வகையும் இலங்கைக் கரைக்கு முட்டையிட வருகின்றன என்று விளக்கினான் அங்கே வேலை செய்கிற பையன். 2004 சுனாமி இந்தக் கரையிலிருந்த பொரிப்பகங்களை அடித்துக்கொண்டு போனதையும், மறுபடி கட்டியதையும் சொன்னான். வாங்காவிட்டால் அந்த முட்டைகள் தட்டுக்குத்தான் போயிருக்கும். அந்த உண்மையை நான் மறுக்கவில்லை.

அடுத்தது தொட்டிகள். சிமெண்ட் தொட்டி, இடுப்பளவு தண்ணீர், பாசி பிடித்த சுவர். ஒன்றில் மூன்று நாள் குஞ்சுகள் நூறு இருக்கும், எல்லாம் ஒரே மூலையில் முட்டி முட்டித் துடுப்பை அடித்துக்கொண்டு கிடந்தன. இன்னொன்றில் வெளுத்துப் பிறந்த ஆமை. கடைசித் தொட்டியில் வலையில் சிக்கி முன்துடுப்பு ஒன்று அறுந்துபோன பேராமை. ஒரு பக்கத் துடுப்பால் அது வட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. கடலில் விட்டால் பிழைக்காது, அதனால் பாதுகாப்பாக வைத்திருக்கிறோம் என்றான் பையன். எத்தனை வருசம் என்று கேட்டேன். ஒன்பது என்றான். என் மகள் வயசு.

"தொடலாம், தூக்கலாம், போட்டோ எடுக்கலாம்" என்று தமிழிலேயே சொல்லி, வேறொரு ஆமையைத் தண்ணீரிலிருந்து தூக்கி நீட்டினான். வரிசையாக நின்றார்கள். வெள்ளைக்காரர்கள், சிங்களப் பிள்ளைகள், நாங்கள். நான்தான் முதலில் கை வைத்தேன். ஓடு வழுவழுவென்று இருந்தது. துணைவர் படம் எடுத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டேன்.

"அம்மா, குளத்து ஆமை மாதிரி இது ஏன் தலைய உள்ள இழுத்துக்கல?" என்றாள்.

கடலாமையால் முடியாது. அதன் ஓட்டுக்குள் தலைக்கு இடமில்லை. அந்த ஆமை கண்ணை மட்டும் மூடிக்கொண்டது.

மகள் கையை நீட்டினாள். பின்னாலிருந்து அம்மா சத்தம் போட்டது.

"கைய எடுடி. அதுகிட்ட கேட்டியா? கேக்காம யாரையும் தொடாத."

"ஆமைகிட்ட எப்பிடி அம்மாயி கேக்குறது?"

"கேக்க முடியலேன்னா தொடாம இரு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், படித்தவள் முன்னால் கிராமத்து அம்மா மானத்தை வாங்குகிறதே என்ற கூச்சம்தான். எம்.ஏ. தமிழ் எனக்குக் கொடுத்தது அதுவும்தான்.

அன்று ராத்திரி லாட்ஜில் மகள் தூங்கியபிறகு அம்மா தானாகவே பேச ஆரம்பித்தது.

"களத்துல தண்ணி கேட்டா எட்ட நின்னு தூக்கி ஊத்துவான். ஒரு சொட்டு அவன் மேல தெறிச்சா வைவான். அதே ஆளுதான் வைக்கப்போர் மறைவுல என் கையப் புடிச்சு இழுத்தான். தீட்டு எங்கடா போச்சுன்னு கேட்டேன். எங்கையில அறுப்பருவா இருந்துச்சு. விட்டுட்டுப் போயிட்டான். அருவா இல்லாதவளுவள என்ன பண்ணிருப்பான்?"

முப்பத்தாறு வயதுவரை என்னிடம் சொல்லாத சேதி. கொஞ்ச நேரம் கழித்து அதுவே தன் பாட்டி கதையையும் சொன்னது. கங்காணி கூட்டிக்கொண்டு போனபோது மண்டபம் முகாமில் அடைத்து வைத்தார்களாம். தொத்துநோய் இலங்கைக்குள் போய்விடக்கூடாது என்று தோட்டக் கூலிகளை நிறுத்திச் சோதித்து அனுப்பிய முகாம் அது. "எங்க பாட்டிய ஒருத்தன் கம்பால தொட்டுத் தொட்டு எண்ணுனானாம். கையால தொட்டாத் தீட்டு. கம்பால தொட்டாக் கணக்கு."

தீண்டாமை என்றால் தொடாமலிருப்பது என்றுதான் பள்ளியில் படித்தோம். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதை ஒழித்துவிட்டது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். மேடையில் நானும் அப்படித்தான் பேசிவந்தேன். அம்மா அன்றைக்குச் சொன்னது வேறு. தொடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற அதிகாரம் ஒரே பக்கத்தில் இருக்கிறதே, அதுதான் தீண்டாமை. பகலில் விலக்குகிற கையும் இருட்டில் இழுக்கிற கையும் ஒரே கை. இரண்டு தடவையும் அது நம்மைக் கேட்கவில்லை. எங்க பெண்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். நமது இயக்கங்கள்தான் பாதியை மட்டும் பேசிக்கொண்டிருக்கின்றன.

நம்மை மிருகத்தோடு ஒப்பிட்டுவிட்டாயே என்று சில தோழர்கள் கோபப்படலாம். நியாயம்தான். நாயும் பன்றியும் நடமாடிய தெருவில் நாம் செருப்புப் போட்டு நடக்கமுடியாதிருந்த நாடு இது. ஆமையும் நாமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு உறைத்தது ஆமையின் இடம் இல்லை, என்னுடைய இடம். சீட்டு வாங்கினேன், வரிசையில் நின்றேன், என் முறை வந்ததும் கேட்காமல் கை வைத்தேன். அடிபட்டவர்கள் என்பதாலேயே நம் கை சுத்தமாகிவிடாது. வீட்டில் நம் ஆண்களின் கையைப் பற்றியும் இதையே சொல்வேன்.

ஊருக்கு வந்தபிறகு கடலாமைபற்றித் தேடிப் படித்தேன். மணலைவிட்டு வெளியே வந்த குஞ்சு வயிற்றில் மிஞ்சிய மஞ்சள்கருவை வைத்துக்கொண்டு ஒருநாள்போல நிற்காமல் நீந்துகிறது. கரையோரத்து மீன்களுக்கும் பறவைகளுக்கும் தப்பி ஆழத்துக்குப் போக அதற்கு இருக்கிற ஒரே சேமிப்பு அதுதான். நான் பார்த்த மூன்று நாள் குஞ்சுகள் அந்தச் சேமிப்பை சிமெண்ட் சுவரில் முட்டியே செலவழித்துவிட்டன. காப்பாற்றுவதுதான் நோக்கமென்றால் முட்டை இட்ட இடத்திலேயே காவல் இருக்கலாம். முடியாமல் தோண்டி எடுத்துவந்து பொரித்தாலும் பொரித்த ராத்திரியே விட்டுவிடலாம். ஆனால் ராத்திரியில் சீட்டு விற்காது. பகலில் வருகிறவனுக்குக் காட்டக் குஞ்சு வேண்டும். அந்தப் பையனை நான் குற்றம் சொல்லமாட்டேன். நாங்கள் கொடுத்த சில்லறையில்தான் அவன் வீட்டு உலை கொதிக்கிறது. காட்டச் சொல்லிக் காசு கொடுத்தவர்கள் நாங்கள்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கடலாமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. இழுவை வலைக்குள் மாட்டி மேலே வரமுடியாவிட்டால் மூழ்கிச் சாகும். அது தப்பிப்போக வலையில் வழி வைக்கிற கருவி இருக்கிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாதென்று தமிழ்நாட்டில் சட்டமும் இருக்கிறது. கரையில் நான்கு முட்டை தோண்டுகிற ஏழையைப் பிடிப்பது சட்டத்துக்குச் சுலபம். பெரிய படகின் முதலாளியிடம் போகும்போது அதற்குக் கால் வலிக்கும். இது நமக்குப் பழகின சட்டம்தான்.

பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்து மகள் கேட்டாள்: "அம்மாயி, இதுகளக் கட்டிப்போட்டு வச்சிருந்தா செத்திருக்காதுல்ல?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தது. "கட்டிப்போடுறதும் வேணாம், கொல்றதும் வேணாம். அதுக்கு வழி விடச் சொல்லு, போதும்."

அன்றைக்குத் துணைவர் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. கண்ணை மூடிய ஆமை, சிரிக்கிற நான், ஓட்டின்மேல் என் கை. அழித்துவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். அழிக்கவில்லை. தீண்டாமைபற்றிப் பேசக் கூப்பிடும்போதெல்லாம் கிளம்புவதற்கு முன் ஒருதரம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.