மிச்சம் மீதி எல்லாம் அம்மாவுக்கா?

சொன்னால் சிரிப்பீர்கள். என்னையும் என் நாலு வயது மகனையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தது ஒரு கிண்ணம் தேங்காய் சாதம்.

மே மாதம், அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டலூர் பக்கம் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். மதியம் பந்தி முடிந்து கிளம்பும்போது, "நிறைய மீந்து போச்சு, எடுத்துட்டுப் போம்மா" என்று ஒரு பொட்டலம் தேங்காய் சாதத்தைக் கையில் திணித்தார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஜாதி நான். வாங்கிக்கொண்டேன். தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர மணி நாலு. பொட்டலத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தவள், வெயில் களைப்பில் அதை மறந்தே போனேன்.

இரவு என் கணவர் வேலை விஷயமாகக் கோவைக்கு ரயில் ஏறிவிட்டார். பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் மேஜையில் அந்தப் பொட்டலம். பிரித்து முகர்ந்து பார்த்தேன். கெட்ட வாடை இல்லை. லேசாகப் பிசுபிசுத்த மாதிரி இருந்தது. பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்று உடனே தோன்றியது. எனக்கும் வேண்டாம் என்று ஏனோ தோன்றவில்லை.

வாணலியில் கொஞ்சம் நெய் விட்டு, ஆவி பறக்கச் சூடு பண்ணித் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தோசை தின்று முடித்திருந்த சின்னவன் மடியில் வந்து ஏறினான். "அம்மா, எனக்கு ஒரு வாய்..." பிள்ளை கேட்டால் கை தானாக நீளும் இல்லையா? ஒரு வாய் ஊட்டினேன். "இன்னொண்ணு" என்றான். அதையும் ஊட்டினேன்.

இரவு பன்னிரண்டரை மணிக்கு எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஒரு மணி நேரத்துக்குள் நாலு முறை வாந்தி. பாத்ரூம் வாசலிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணிக்கு உள்ளே இருந்து சின்னவனின் அழுகை. படுக்கை முழுக்க வாந்தி. ஓடிப் போய்த் தூக்கினேன். அடுத்த பத்து நிமிடத்தில் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தது. அவனைக் கழுவிவிடுவதற்குள் எனக்கு மறுபடி குமட்டல். பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

சத்தம் கேட்டு மூத்தவள் எழுந்து வந்தாள். பதினோரு வயது. ஒரு நிமிடம் திகைத்து நின்றவள், "நீ உட்காரும்மா, நான் தம்பியைப் பாத்துக்கறேன்" என்று அவனை வாங்கிக்கொண்டாள்.

"கண்ணு, மருந்து டப்பாவுல ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கும் பாரு. ஒரு டம்ளர் தண்ணியில கொஞ்சம் கொட்டிக் கலக்கித் தம்பிக்குக் குடு" என்றேன். இத்தனை வருடமாக நான் அப்படித்தான் கலக்குவேன். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம், மீதியை மடித்து வைத்துவிடுவேன்.

அவள் டியூப்லைட் வெளிச்சத்தில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "தேதி முடியலை. ஆனா முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணியில போடணும்னு இருக்கேம்மா." என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்கூலுக்குக் கொண்டுபோகும் ஒரு லிட்டர் பாட்டிலில் குடிதண்ணீரை அளந்து ஊற்றி, பொடி முழுவதையும் போட்டுக் குலுக்கினாள்.

அடுத்த தவறும் என்னுடையதுதான். தாகத்தில் இருந்த பிள்ளைக்கு ஒரு டம்ளரை அப்படியே கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தான். ஐந்தே நிமிடத்தில் அத்தனையும் வெளியே. 'வயித்துல எதுவும் தங்கலையே' என்று அதோடு கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன்.

நீங்கள் கேட்கலாம், எதிர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதானே என்று. எதிர் வீட்டு அக்கா ரொம்ப நல்லவர். ஆனால் நடுராத்திரி எப்படி எழுப்புவது? வீடு கிடக்கிற கோலத்தில், நைட்டியெல்லாம் வாந்தி வாடையோடு எப்படிப் போய் நிற்பது? அவருக்கு போன் பண்ணினால் ரயிலில் இருப்பவர் பதறுவாரே தவிர, என்ன செய்ய முடியும்? விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நாலு மணி இருக்கும். அவன் துணிகளை அலசலாம் என்று எழுந்தேன். கண் இருட்டியது. சுவரைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது, சரிந்து உட்கார்ந்தது ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தபோது எதிரே அக்காவின் முகம். பின்னால், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மகள். என்னைக் கேட்காமலே கிரில் கதவைத் திறந்துகொண்டு போய் பெல் அடித்திருக்கிறாள்.

"பத்தடி தூரத்துல இருக்கேன். கூப்பிடணும்னு தோணலையா உனக்கு?" அக்கா திட்டிக்கொண்டே படுக்கை விரிப்பைச் சுருட்டினார். அவர் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பணியில் இருந்த டாக்டர் அம்மா சின்னவனின் நாக்கைப் பார்த்தார். வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டு, எவ்வளவு நேரத்தில் பழையபடி ஆகிறது என்று பார்த்தார். "அழும்போது கண்ணீர் வருதா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டோவில் வழியெல்லாம் அழுதான், கன்னத்தில் ஈரமே இல்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

"கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?"

எனக்குத் தெரியவில்லை. "படுக்கறதுக்கு முன்னாடி போனான் டாக்டர். அப்புறம் போகவே இல்லை" என்றாள் மகள். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

அவனுக்கு வாந்தி நிற்க மருந்து கொடுத்துவிட்டு, மறுபடி அதே ஓ.ஆர்.எஸ். தண்ணீரைத்தான் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் டம்ளரில் இல்லை, ஸ்பூனில். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். "வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி ஆரம்பிங்க. நிறுத்திடாதீங்க" என்றார் நர்ஸ். என் கையில் குளுக்கோஸ் ஊசி ஏறிவிட்டதால், ஸ்பூனைப் பிடித்தது என் மகள்தான். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஊட்டினாள். இரண்டு மணி நேரம் கழித்து, "அம்மா, ஒண்ணுக்கு" என்றான் சின்னவன். எதிர் வீட்டு அக்கா மேலே பார்த்துக் கும்பிட்டே விட்டார். ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கொஞ்சம் தெளிந்த பிறகு டாக்டரிடம் கேட்டேன். "நல்லா ஆவி பறக்கச் சூடு பண்ணினேனே டாக்டர்?"

"சூடு பண்ணினதுல கிருமி செத்திருக்கும்மா. ஆனா மத்தியானத்துல இருந்து ராத்திரி வரைக்கும் அது சோத்துல உண்டாக்கி வெச்ச நஞ்சு இருக்கு பாருங்க, சிலது அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அழியாது. வாடை வரணும்னும் அவசியமில்லை. எந்தக் கிருமின்னு டெஸ்ட் பண்ணாம உறுதியா சொல்ல முடியாது. சாப்பிட்ட சில மணி நேரத்துலயே வாந்தின்னா பெரும்பாலும் இந்த மாதிரி நஞ்சுதான்" என்றார். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அரிசியில் விதை மாதிரி ஒளிந்திருக்குமாம். சோறு வெந்தாலும் அது சாகாது. வெந்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, அக்னி வெயிலில் அதற்கும் முன்பே ஃபிரிட்ஜில் ஏற்றிவிட வேண்டும் என்றார். எங்கள் தேங்காய் சாதம் எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்திருந்தது.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு உங்களுக்கே தோணியிருக்கு. அப்புறம் நீங்க ஏன் சாப்பிட்டீங்க?"

பதில் இல்லை என்னிடம்.

என் கணவர் கோவையில் இறங்கியதும் அடுத்த ரயிலில் திரும்பி வந்தார். இரண்டு நாள் அவர்தான் கஞ்சி வைத்தார், படுக்கை விரிப்புகளை பினாயில் போட்டு அலசினார். வயிற்றுப்போக்கு இருந்ததால் சின்னவனுக்கு 14 நாள் ஜிங்க் மருந்தும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தினமும் மறக்காமல் கொடுத்தார். "அந்தச் சாதத்தைக் கீழே கொட்டியிருக்கலாமே" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நினைத்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் மீந்ததைச் சாப்பிடும் வேலை என்னுடையது என்று யாரும் சொன்னதில்லை. நானாகவே எடுத்துக்கொண்டது. ஆறிய இட்லி, அடிப்பிடித்த உப்புமா, முந்தாநாள் குழம்பு எல்லாம் என் தட்டுக்குத்தான் வரும்.

மன்னார்குடியிலிருந்து அம்மா போனில் பேசினார். "நாங்கெல்லாம் பழையது சாப்பிட்டு வளரலியா?" என்று ஆரம்பித்தவர், அவரே சொன்னார், "அது தண்ணி ஊத்திப் புளிக்க வைக்கிறது. இது தேங்காய் போட்ட சாதம். அதுவும் இந்த வெயில்ல. அது வேற, இது வேற." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க எல்லாருக்கும் போட்டுட்டுச் சட்டியில இருக்கறதை வழிச்சுத் தின்னு தின்னு எனக்கும் அப்படியே பழகிப் போச்சு. அதைப் பாத்துத்தான் நீயும் கத்துக்கிட்ட போல" என்றார்.

படுத்திருந்த நாட்களில் ஓ.ஆர்.எஸ். பற்றிப் படித்தேன். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்ற சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். முகாமில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அது நாலுக்கும் கீழே வந்தது. அவர் மறைந்த பிறகு, 2023-ல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அந்த முகாமில் நோயாளிகளுக்கு அந்தத் தண்ணீரைப் புகட்டியது பெரும்பாலும் கூட இருந்த சொந்தக்காரர்கள்தான் என்று படித்தபோது, ஸ்பூனும் கையுமாக உட்கார்ந்திருந்த என் மகள்தான் நினைவுக்கு வந்தாள்.

இதைப் படிக்கும் தோழிகளுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கலக்குங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலக்குங்கள். கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று இல்லை. டாக்டரைக் கேட்காமல் குழந்தைகளுக்குப் பேதி நிற்கும் மாத்திரை கொடுக்காதீர்கள். குழந்தை ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகவில்லை, கண்ணீர் இல்லாமல் அழுகிறது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் வருகிறது, எது கொடுத்தாலும் தங்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108 இருக்கிறது. எதிர் வீடும் இருக்கிறது.

இதெல்லாம் நடந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு ராத்திரி பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் வைத்த சாம்பார், ஃபிரிட்ஜில் வைக்க மறந்து அடுப்பு மேடையிலேயே அரைக் கிண்ணம் இருந்தது. மூத்தவள் தட்டோடு வந்து நின்றாள்.

"அதை எனக்கு ஊத்தும்மா. தம்பிக்கு வேண்டாம். வேஸ்ட் ஆயிடும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே என் குரல்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாம்பாரைத் தொட்டியில் கொட்டினேன். கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. அவளுக்குப் புதிதாக ஒரு தோசை வார்த்தேன். எனக்கும் ஒன்று வார்த்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து சாம்பாருக்குப் பருப்பை ஒரு கைப்பிடி குறைத்துத்தான் போடுகிறேன்.