பழி பேட்டரி மேல்

"இந்தத் தியரி எல்லாம் எதுக்குல உதவும்?" என்று கேண்டீனில் நாம் புலம்பாத நாளில்லை. எனக்கு அதற்குப் பதில் சித்தப்பாவின் காரில் கிடைத்தது.

அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. சித்தப்பாவின் அம்பாசிடர் மட்டும் இன்றும் தூத்துக்குடித் தெருக்களில் மைக் செட்டோடு ஓடுகிறது. பனிமய மாதா திருவிழா, கட்சிக் கூட்டம், துக்க அறிவிப்பு என்று எங்கள் வீட்டுச் சோறே அதில்தான்.

ஒருநாள் திரேஸ்புரத்தில் மரண அறிவிப்பு. "நல்லடக்கம் இன்று மாலை..." என்றதும் மைக் ஊமையாகிவிட்டது. ஒரு பாட்டி மூச்சு வாங்க ஓடி வந்து, "எத்தன மணிக்குய்யா?" என்று கேட்டாள். சித்தப்பாவுக்கு முகமே செத்துப் போச்சு. அந்த வருஷம் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் படுத்துவிட்டது.

மறுநாள் நான் மல்டிமீட்டரோடு போனேன். எஞ்சினை ஓடவிட்டு ஆம்ப்ளிஃபயர், ஃபேன், ஹெட்லைட் எல்லாம் போட்டோம். ஓடிய கரண்ட் 25 ஆம்பியர். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட், பேட்டரியிலோ 12.5 தான்! மீதி 1.7 எங்கே போச்சு? எர்த் பக்கம் 0.1. பாசிட்டிவ் வயரில் 1.6! ஓம் விதிப்படி வெறும் 0.064 ஓம். ஆனால் அதிலேயே 40 வாட் சூடாக வீணாகிறது. லக்கைத் தொட்டதும் விரல் சுட்டது. வயரின் தோலை உரித்தால் செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. எல்லாம் நம்ம ஊர் உப்புக் காற்றின் கைங்கரியம்!

தடித்த வயர் போட்டு, புது லக்கை இறுக்கி, வாசலின் தடவினோம். பேட்டரிக்கு 14 வோல்ட் வந்தது. பாவம், சரியாகச் சாப்பாடு போடாமல் பேட்டரியைத்தான் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதோடு தீரவில்லை. ஊர்வலத்தில் வண்டி ஊர்ந்தபோது வோல்ட் மறுபடி இறங்கியது. ஐடிலில் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றுவதால் முழு ஆம்பியர் தராது. "பெரிய பேட்டரி போட்டுருவோமால?" என்றார் சித்தப்பா. வரவை விடச் செலவு கூடினால், தொட்டி பெரிதானாலும் காலியாகத்தானே செய்யும்? ஐடிலைக் கொஞ்சம் ஏற்றினோம். நிற்கும்போது தேவையில்லாத லைட்டை அணைக்கப் பழகினோம்.

அடுத்த துக்க அறிவிப்பு அதே தெருவில். "மாலை நாலு மணிக்கு" என்று மைக் கணீரென்று சொன்னது. சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அந்த மீட்டர் என்ன வெலல?"

மூன்று பேட்டரியின் விலையை நினைத்துக்கொண்டு நான் பதில் சொல்லவில்லை.