காலி லாரிக்கு எடை போட்டாச்சா?

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போகும் லாரி, எடை மேடையில் இரண்டு முறை ஏறும். காலியாக ஒரு முறை, லோடோடு ஒரு முறை. லாரி ஓட்டும் அப்பாவோடு சின்ன வயதில் கேபினில் உட்கார்ந்து போன அந்தப் பெண்ணுக்கு இது மனப்பாடம். இப்போது அவள் திருச்சியில் இயற்பியல் ஆய்வு மாணவி. அவள் எடை போடுவது வெளிச்சத்தை!

வெயிலில் செல்போனை எடுத்தால் திரை தானாகப் பளிச்சென்று ஆகிறதே, அது உள்ளே இருக்கும் ஒளி உணரியின் வேலை. வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் ஓடும். இதில் நம் நாட்டுக்குப் பழைய சொந்தம் உண்டு. கலேனா என்ற ஈயத் தாதுவை வைத்து, ரேடியோ அலையோடு ஒளியையும் உணரும் கருவி செய்த ஜெகதீஷ் சந்திர போஸுக்கு 1904-லேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

இன்று புழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் சிலிக்கான் உணரிகள். அவள் செய்வது பெரோவ்ஸ்கைட் என்ற புதுப் பொருளில். கரைசலைக் கண்ணாடித் துண்டில் சொட்டுவிட்டு வேகமாகச் சுழற்றினால் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். தோசை வார்ப்பது மாதிரிதான், இங்கே கல்லே சுற்றுகிறது! செலவு குறைவு. ஆனால் ஈரம் பட்டால் கெட்டுவிடும், ஈயமும் கலந்திருக்கும்.

எவ்வளவு மங்கலான ஒளியை உணரி கண்டுபிடிக்கும் என்பதற்கு ஜோன்ஸ் என்று ஓர் அலகு உண்டு. அவளுடைய உணரிக்கு வந்த எண், 10 லட்சம் கோடி. நல்ல சிலிக்கானுக்குச் சமம்! சீனியர் அண்ணன், "பேப்பர் போட்டுடலாம்மா" என்றார். லேபில் ஸ்வீட்கூடக் கொடுத்தார்கள்.

இரவு போனில் அப்பாவிடம் சொன்னாள்.

"லைட்டே படாதப்ப அது என்ன பாப்பா காட்டும்?"

"கொஞ்சம் கரன்ட் ஓடும்ப்பா. அதைக் கழிச்சுட்டேன்."

"காலி வண்டியிலயே நம்பர் நிக்காம ஆடுச்சுன்னா?"

அவளிடம் பதில் இல்லை. எடை மேடையின் எண் 20 கிலோ முன்னும் பின்னும் ஆடினால், 5 கிலோ கல்லை அதில் எப்படி நிறுப்பது? இந்த ஆட்டத்துக்குப் பெயர் இரைச்சல். அதை அவள் அளக்கவே இல்லை, சூத்திரத்தில் போட்டுக் கணக்கிட்டிருந்தாள். அந்தச் சூத்திரம் ஒரே ஒரு வகை இரைச்சலைத்தான் சேர்க்கும். புதுப் பொருள்களில் மற்ற வகைகள்தான் பல நேரம் அதிகம். பல ஆய்வுக் கட்டுரைகளும் இப்படித்தான் வருகின்றன. இரைச்சலை அளந்தே சொல்லுங்கள் என்று 2019-ல் 'நேச்சர் போட்டானிக்ஸ்' இதழில் ஃபாங், ஆர்மின், மெரிடித், ஹுவாங் என்ற நான்கு விஞ்ஞானிகள் எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல், பரப்பளவு. அவள் அம்மா பிறந்தது பெரம்பலூர் பக்கம், மக்காச்சோளம் விளையும் ஊர். பக்கத்து வயல் கதிரையும் சேர்த்து அறுத்துவிட்டு, "எங்க ஒரு ஏக்கர்ல இவ்வளவு" என்று சொன்னால் ஊர் சிரிக்கும். உணரியைவிட அகலமாக ஒளி விழுந்தால், ஓரத்தில் விழுந்ததும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். கறுப்புத் தகட்டில் ஊசித் துளை போட்டு, உணரியின் மேல் மட்டும் ஒளி விழும்படி செய்தாள். இருட்டுப் பெட்டிக்குள் வைத்து இரவு முழுக்க இரைச்சலை அளந்தாள்.

காலையில் எண், 1 லட்சம் கோடி. பத்தில் ஒரு பங்கு!

"பழசையே போடு, எல்லாரும் அப்படித்தானே போடறாங்க" என்றார் அண்ணன். மூன்று நாள் அவளுக்குத் தூக்கமில்லை. பெரிய எண்ணுக்குப் பெரிய இதழ் கிடைக்கும். உதவித்தொகையும் முடியப்போகிறது.

2021-ல் அப்பாயி விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி, 94-ஆ 93-ஆ என்று வீடே அந்தக் குட்டித் திரையைப் பார்த்து நின்றது அவளுக்கு மறக்கவில்லை. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைத் தாண்டி வர, நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் துளி வித்தியாசத்தை வைத்துத்தான் அது எண்ணைச் சொல்கிறது. விரல் சில்லிட்டு நாடி தளர்ந்தால் அந்தத் துளியும் சுருங்கும். அப்போது உணரியின் ஆட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தால்?

கட்டுரையில் சின்ன எண்தான் போயிருக்கிறது, ஆறு மாதம் தாமதமாக. அளந்த விதத்துக்குத் தனியாக இரண்டு பக்கம். இப்போது அதே உணரி ஐப்பசி மழை ஈரத்தில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.